அறியாமல் வாங்கியவரும் அறிய மறுத்து வாங்கியவரும்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கும் ஒப்படைக்கப்பட்டது. பொதுவாக இத்தகைய கூட்டங்களில் தொழுகையின் சிறப்பைப் பற்றியோ, ஜகாத்தின் கடமையைப் பற்றியோ நாம் உரையாற்றுவது வழக்கம். இவ்வாண்டு நிர்வாகிகள் வேறொரு பொருளைக் கேட்டுக்கொண்டார்கள். வீடு, மனை வாங்குவதிலும் விற்பதிலும் எழும் பிணக்குகளே அப்பொருள். ஒருவர் ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்திருக்க, விற்பவர் அதே சொத்தை வேறொருவருக்கு விற்றுவிடுகிறார். ஒன்றும் அறியாமல் வாங்கியவரின் கதி என்ன? ஒப்பந்தம் போட்டவரின் உரிமை என்ன? நாம் மதரஸாவில் ஓதியவர்களே தவிர, சட்டக் கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர். ஆகவே இவ்வுரையை வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்றாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனினும் இவ்விஷயத்தில் நாட்டின் சட்டம் என்ன கூறுகிறது, ஷரீஅத் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை இயன்றவரை கற்று உங்கள் முன் வைக்கிறோம்.

காளவாசல் என்னும் பெயரே செங்கல் சுடும் சூளையைக் குறிப்பது. ஒரு காலத்தில் மதுரையின் மேற்கு எல்லையாக இருந்த இப்பகுதி இன்று நகரின் நடுப்பகுதியாகிவிட்டது. பைபாஸ் சாலை வந்தது. 2020-ஆம் ஆண்டு மேம்பாலமும் திறக்கப்பட்டது. தேனிச் சாலையின் இருபுறமும் வயல்கள் மனைகளாயின. நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை. விலை ஏறும் வேகத்தில் வாக்குறுதிகள் தளர்ந்துவிடுகின்றன. வளைகுடாவில் வியர்வை சிந்திச் சம்பாதித்தவரின் ஆயுள் சேமிப்பும், மகளின் திருமணத்திற்கென்று வாங்கிப் போடப்பட்ட இரண்டு சென்ட் மனையும் இந்தத் தளர்ச்சிக்கு இரையாவதைக் காண்கிறோம்.

பிணக்கின் வடிவம்

எளிதில் விளங்க ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வோம். ஒருவர் தம் வீட்டை முப்பது லட்சத்துக்கு விற்க ஒப்புக்கொள்கிறார். முதலாமவர் மூன்று லட்சம் முன்பணம் கொடுத்துக் கிரைய ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார். அது முத்திரைத் தாளில் எழுதப்பட்டது; ஆனால் பதிவு செய்யப்படவில்லை. பதினோரு மாதத் தவணை. இதற்கிடையில் இரண்டாமவர் வந்து நாற்பது லட்சம் தருவதாகச் சொல்கிறார். விற்பவர் பழைய ஒப்பந்தத்தை மறைத்து இவருக்குக் கிரையப் பத்திரம் பதிவு செய்து கொடுத்துவிடுகிறார். இரண்டாமவர் வில்லங்கச் சான்று பார்த்தார், அதில் ஒன்றுமில்லை. முழுத் தொகையையும் கொடுத்தார், குடியேறினார். மூன்று மாதம் கழித்து நீதிமன்ற அழைப்பாணை அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

இந்நிலையில் முதலாமவர் தாம் ஏமாற்றப்பட்டதாகக் கூறுவது உண்மை. இரண்டாமவர் தாம் குற்றமற்றவர் என்பதும் உண்மை. இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவர்களாகவும் இருக்கலாம். குற்றம் செய்த மூன்றாமவரோ இரண்டு பேரிடமும் பணம் வாங்கிக்கொண்டு ஊரை விட்டே போய்விடுகிறார். ஜமாஅத்தின் முன் வந்து நிற்பவர்கள் ஏமாற்றப்பட்ட இருவருமே.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஓர் அடிப்படையை மனத்தில் கொள்ள வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, கிரைய ஒப்பந்தம் என்பது சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்குவதில்லை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்யப்பட்ட கிரையப் பத்திரத்தால் மட்டுமே நிறைவு பெறும். ஒப்பந்தம் போட்டவருக்கு இருப்பது, அதை நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றத்தை நாடும் உரிமையே. அந்த உரிமையைப் பற்றிப் பேசுவது 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம்.

அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு ஒப்பந்தம் போட்டவரின் பக்கம் நிற்கிறது. சொத்தின் உரிமையாளர் மட்டுமன்றி, ஒப்பந்தத்திற்குப் பின்னர் அவரிடமிருந்து சொத்தைப் பெற்றவரும் அந்த ஒப்பந்தத்திற்குக் கட்டுப்பட்டவர் என்பது அதன் பொது விதி. பின்னர் வாங்கியவரையும் சேர்த்துப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்லும் முறையை உச்ச நீதிமன்றம் 1953-ஆம் ஆண்டிலேயே வகுத்தது. ஆனால் அதே பிரிவு ஒரு விதிவிலக்கையும் வைத்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கியவர், நன்னம்பிக்கையோடு பணம் செலுத்தியவர், முந்தைய ஒப்பந்தத்தைப் பற்றிய அறிவிப்பு இல்லாதவர் என்ற மூன்று தகுதிகளும் ஒருவரிடம் ஒருங்கே இருக்குமானால் அவர்மீது அந்த ஒப்பந்தத்தைச் செயல்படுத்த முடியாது. இவ்விதிவிலக்கு புதியதன்று; 1877-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் 27-ஆம் பிரிவிலும் இருந்ததே.

சகோதரர்களே, அந்த மூன்று தகுதிகளையும் ஒவ்வொன்றாகக் கவனியுங்கள்.

முதலாவது, விலை. விற்பவர் தம் மனைவிக்கோ மகனுக்கோ ஹிபாவாக எழுதிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து தப்பிவிட நினைத்தால் அது நடவாது. இலவசமாகப் பெற்றவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இரண்டாவது, நன்னம்பிக்கையோடு பணம் செலுத்தியிருத்தல். செலுத்தியிருத்தல் என்ற சொல் முக்கியமானது. பாதித் தொகை கொடுத்த நிலையில் முந்தைய ஒப்பந்தம் பற்றிய தகவல் நம் காதுக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு மீதியைக் கொடுத்துப் பத்திரம் முடிப்பவர் தம்மை அறியாதவர் என்று சொல்லிக்கொள்ள இயலாது. அந்த இடத்திலேயே நின்றுவிடுவதுதான் அறிவுடைமை.

மூன்றாவது, அறிவிப்பு இல்லாதிருத்தல். வழக்குகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது தகுதியில்தான் வெல்லப்படுகின்றன. இங்கேதான் தோற்கவும் படுகின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அறியாமை வேறு, அறிய மறுத்தல் வேறு

சட்டத்தின் பார்வையில் அறிவிப்பு என்பது நேரில் தெரிந்திருத்தல் மட்டுமன்று. சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒருவர் விசாரித்திருக்க வேண்டிய ஒன்றை வேண்டுமென்றே விசாரியாமல் விட்டாலும், பெருங்கவனக்குறைவாக இருந்தாலும், அவர் அதை அறிந்தவராகவே கருதப்படுவார் என்று சொல்கிறது. அதோடு மூன்று விளக்கங்களையும் சேர்த்திருக்கிறது.

ஒன்று, பதிவு. சட்டப்படி பதிவு செய்தாக வேண்டிய ஓர் ஆவணம் முறைப்படி பதிவாகியிருந்தால், அதன்பின் அந்தச் சொத்தை வாங்கும் எவரும் அதை அறிந்தவராகவே கொள்ளப்படுவார். நம் மாநிலத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2012-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் கிரைய ஒப்பந்தங்களும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டியவை ஆயின. ஆக, ஒப்பந்தத்தைப் பதிவு செய்த முதலாமவர் வில்லங்கச் சான்றில் இடம்பெற்றுவிடுகிறார். பிறகு வருபவர் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. பதிவுக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக அதைச் செய்யாமல் விடுபவர், வீட்டுக்குக் கதவு வைத்துவிட்டுத் தாழ்ப்பாள் வாங்கச் சிக்கனம் பார்ப்பவரைப் போன்றவர்.

இரண்டு, அனுபவம். சொத்தில் யார் குடியிருக்கிறாரோ, அவருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறதோ, அதை வாங்குபவர் அறிந்தவராகவே கருதப்படுவார். 2000-ஆம் ஆண்டில், சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வாதி அந்தச் சொத்தில் வாடகைக்கு இருந்தவர். பின்னர் அதையே வாங்க ஒப்பந்தம் போட்டவர். அதற்குப் பிறகு வேறு சிலர் அச்சொத்தை விலைக்கு வாங்கினர். அவர் வாடகைதாரர் என்பது எங்களுக்குத் தெரியும், ஒப்பந்தம் இருப்பது தெரியாது என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவர் குடியிருப்பதைக் கண்ணால் கண்ட நீங்கள், எந்த உரிமையில் இருக்கிறீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்பதே தீர்ப்பின் சாரம். அவர்களுக்கு நன்னம்பிக்கையாளர் என்ற பாதுகாப்பு கிடைக்கவில்லை. அவ்வழக்கின் தலைப்பில் இரு தரப்பிலும் இருப்பவை நம் சமுதாயத்துப் பெயர்களே என்பதை வருத்தத்தோடு நினைவூட்டுகிறோம்.

மூன்று, முகவர். நமக்காக அலுவல் பார்க்கும் முகவருக்கு அவ்வலுவலின்போது தெரியவந்தது நமக்கும் தெரிந்ததாகவே கொள்ளப்படும். துபாயில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறான்; இங்கே மாமாவோ மைத்துனரோ முன்னின்று வாங்குகிறார். முந்தைய ஒப்பந்தம் மாமாவுக்குத் தெரிந்திருந்தால், மகன் ஒன்றும் அறியாதவனாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவன் அறிந்தவனே. நமக்காகச் செயல்படும் தரகருக்கும் இது பொருந்தும். ஆகவே யாரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கிறோம் என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை சிந்திக்க வேண்டும்.

மேலும், தாம் நன்னம்பிக்கையோடு வாங்கியவர் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலில் பின்னர் வாங்கியவர் மீதே இருக்கிறது. 1934-ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் இவ்வாறு கூறியது. நம் நீதிமன்றங்களும் அவ்வழியே வருகின்றன. நீதிமன்றத்தில் கூண்டேறிச் சொல்ல வேண்டியவர் அவர். என்ன விசாரித்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், எந்தப் பத்திரத்தைப் பார்த்தீர்கள் என்ற கேள்விகளுக்கு அவரிடம் விடை இருக்க வேண்டும். எனவே நன்னம்பிக்கை என்பது ஒன்றும் கேளாமல் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதன்று. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து, அதற்குப் பிறகும் ஒன்றும் புலப்படாமல் இருந்ததே நன்னம்பிக்கை.

மதுரை வழக்கு தரும் படிப்பினை

இதுவரை வாங்குபவரின் கடமையைச் சொன்னோம். ஒப்பந்தம் போட்ட முதலாமவருக்கும் கடமை உண்டு. அதற்கு நம் ஊரின் வழக்கொன்றே சான்று.

1978-ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று மதுரை நகரில் உள்ள ஒரு வீட்டை அறுபதாயிரம் ரூபாய்க்கு வாங்க ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. முன்பணம் ஐயாயிரம் ரூபாய். தவணை ஆறு மாதம். அந்த ஆறு மாதம் கடந்தது. வாங்க இருந்தவர் சுமார் இரண்டரை ஆண்டுகள் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, 1981 ஜூலையில்தான் அறிவிப்பு அனுப்பினார், வழக்கும் தொடர்ந்தார். இடைப்பட்ட காலத்தில் மதுரையில் வீடுகளின் விலை சுமார் மூன்று மடங்காக உயர்ந்திருந்தது. வழக்கு உயர்நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1997-இல் தீர்ப்பு வந்தது. வீட்டை எழுதிக் கொடுக்கும்படி உத்தரவிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மூன்று ஆண்டுக் கால வரம்பு இருக்கிறது என்பதற்காக, ஆறு மாதத் தவணையை மறந்துவிட்டு, விலை ஏறும்வரை வாளாவிருப்பவருக்கு நீதிமன்றம் துணை நிற்காது என்பதே அதன் கருத்து. நகரங்களில் விலை வேகமாக ஏறும் இக்காலத்தில், விலை நிலையாக இருந்த காலத்தின் விதிகளை அப்படியே பொருத்த முடியாது என்றும் நீதிபதிகள் எடுத்துரைத்தனர். 2011-ஆம் ஆண்டு சென்னையைச் சேர்ந்த மற்றொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே நிலைப்பாட்டை வலியுறுத்தியது.

2018 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஒப்பந்தத்தை நிறைவேற்ற உத்தரவிடுவதா வேண்டாமா என்ற நீதிமன்றத்தின் விருப்புரிமையைப் பெரிதும் குறைத்துவிட்டது. எனினும், தம் பங்கை நிறைவேற்ற எப்போதும் ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்தோம் என்று வாதி நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்றும் நீடிக்கிறது. ஐயாயிரமோ ஐந்து லட்சமோ கொடுத்துவிட்டு ஒரு சொத்தைக் கட்டிப்போட்டு வைத்திருப்பது உரிமை ஆகாது. அந்த மௌனத்தின் காலத்தில்தான் ஒன்றுமறியாத மற்றொருவர் வந்து சிக்கிக்கொள்கிறார்.

அவ்வழக்கில் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1978-இல் எழுதப்பட்ட ஒப்பந்தத்திற்கு 1997-இல் முடிவு. பதினெட்டு ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை கல்லூரி வாசலை மிதிக்கும் வயது. மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்பட்டதால் சென்னைக்கு அலையும் சிரமம் நமக்குக் குறைந்தது. ஆனால் வழக்கு என்பது இன்றும் ஆயுளைத் தின்னும் பொருளே.

இந்தப் பாதுகாப்பு எங்கே செல்லாது?

நன்னம்பிக்கை இருந்தால் எல்லாம் நமதாகிவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு.

விற்பவருக்கே உரிமை இல்லாத சொத்துக்கு இந்த விதிவிலக்கு பயன்படாது. இதை நம் குடும்பங்களில் மிக அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தந்தை மவுத்தாகிவிடுகிறார். மகன்கள் இருவர் சேர்ந்து வீட்டை விற்றுவிடுகின்றனர். சகோதரிகளிடம் கேட்கவுமில்லை, அவர்கள் கையொப்பமிடவுமில்லை. நல்ல எண்ணத்தோடு முழு விலையும் கொடுத்து வாங்கியவர் பெறுவது அந்த மகன்களின் பங்கை மட்டுமே. சகோதரிகளின் பங்கை விற்க மகன்களுக்கு அதிகாரமில்லை. உண்மையான உரிமையாளரே தம் சம்மதத்தால் மற்றொருவரை உரிமையாளர்போல் தோன்றச் செய்திருந்தால் 41-ஆம் பிரிவு வாங்கியவருக்கு உதவும். அங்கும் தக்க கவனத்தோடு விசாரித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சகோதரியின் ஹக்கைப் பறிப்பது மறுமைக்கு மட்டும் கேடு என்று நினைத்துவிடாதீர்கள். அதை வாங்கும் அப்பாவியின் இம்மையையும் அது கெடுக்கிறது.

நிலுவையில் உள்ள வழக்கும் அப்படியே. சொத்தைப் பற்றி வழக்குத் தாக்கலான பிறகு வாங்குபவர், 52-ஆம் பிரிவின்படி அவ்வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். அவர் அறிந்து வாங்கினாரா, அறியாமல் வாங்கினாரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. பவர் பத்திரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு சொத்து கைக்கு வந்துவிட்டதென்று மகிழ்பவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. அது கிரையம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

மறுபுறம், ஒப்பந்தம் பதிவாகவில்லை, ஆகவே முதலாமவருக்கு ஒன்றுமே கிடையாது என்று எண்ணி இரண்டாமவர் அமைதி அடையவும் முடியாது. நம் மாநிலத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-இல், பதிவு செய்யப்படாத கிரைய ஒப்பந்தத்தையும் அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று கூறியது. பதிவில்லாத ஒப்பந்தத்தை நேரில் அறிந்திருந்தும் வாங்கியவர் தப்ப முடியாது.

ஷரீஅத்தின் பார்வை

நாம் ஓதிய ஃபிக்ஹு நூல்களில் வியாபாரம் ஈஜாப், கபூல் என்ற இரண்டால் நிறைவு பெறுகிறது. விற்றேன், வாங்கினேன் என்று இருவரும் சொல்லிப் பிரிந்துவிட்டால் பொருள் கைமாறியதாகிவிடும். அதன்பின் விற்பவர் அதை இன்னொருவருக்கு விற்றால், தமக்குச் சொந்தமில்லாததை விற்றவராவார். பிறருக்கு உரிமையானது என்று பின்னர் வெளிப்படும் பொருளுக்கு இஸ்திஹ்காக் என்ற தனிப் பாடமே ஹிதாயா முதலிய நூல்களில் இருக்கிறது. பொருள் உரியவருக்குத் திரும்பும். வாங்கியவர் தாம் கொடுத்த விலையை விற்றவரிடமிருந்து திரும்பப் பெறுவார். இழப்பின் சுமை விற்றவரின் கழுத்தில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இன்று நாம் எழுதும் கிரைய ஒப்பந்தம், பின்னொரு நாளில் விற்பேன் என்ற வாக்குறுதியாகவே அமைகிறது. வாக்குறுதி என்பதால் அது இலேசானதாகிவிடாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தொடக்கத்திலேயே கட்டளையிடுகிறது. தம் சகோதரர் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் மற்றொருவர் வியாபாரம் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. ஒப்பந்தம் இருப்பதை அறிந்துகொண்டே பத்து லட்சம் கூட்டித் தருகிறேன் என்று போய் நிற்பவர், சட்டத்தில் எப்படியோ தப்பினாலும் இந்தத் தடையிலிருந்து தப்ப மாட்டார். அறியாமல் வாங்கியவரை இத்தடை சாராது.

முன்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்காவிட்டால் முன்பணம் போய்விடும் என்ற உர்பூன் முறையைப் பெரும்பாலான இமாம்கள் ஏற்கவில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். 1993-ஆம் ஆண்டு புரூனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, கால வரம்பு குறிக்கப்பட்டிருந்தால் அது கூடும் என்று முடிவு செய்தது. கால வரம்பு என்ற இடத்தில் நம் அறிஞர்களின் முடிவும் மதுரை வழக்கின் தீர்ப்பும் சந்திப்பதைப் பாருங்கள். தவணைக்கு மதிப்பளிக்காதவர் இரு இடத்திலும் தோற்கிறார்.

எழுதி வைத்தல், சாட்சி வைத்தல் ஆகியவற்றை அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் விரிவாகக் கற்பிக்கிறது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுதுவது பற்றியது. அதை ஓதும் சமுதாயம் வாய் வார்த்தையிலும் பதியாத தாளிலும் லட்சங்களைக் கைமாற்றலாமா?

யாரைக் கேள்வி கேட்பது?

இவ்வளவும் சொன்னது ஒரு கருத்தை உங்கள் உள்ளத்தில் பதிய வைப்பதற்காகவே. இத்தகைய பிணக்கு வரும்போது ஊரின் கோபம் அந்த வீட்டில் குடியிருப்பவர் மீதே பாய்கிறது. அவரைத்தானே நாம் தினமும் பார்க்கிறோம்? அடுத்தவன் பேசிய வீட்டை வாங்கியவர் என்று அவர் பின்னால் பேசப்படுகிறது. அவர் பிள்ளைக்கு வரன் பேசும்போதுகூட இது எழுகிறது. அவர் விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரித்து வாங்கியவர் என்றால், அவரைத் தூற்றுவது அநியாயம். சட்டமே அவரைக் காக்கிறது. நாம் அவருடைய மானத்தைக் காக்க வேண்டாமா?

அதே வேளையில், முன்பணம் கொடுத்து ஏமாந்தவரைப் பார்த்து, பத்திரம் அவர் பெயரில் ஆகிவிட்டது, பேசாமல் போங்கள் என்று கைகழுவுவதும் நீதியன்று. வீடு கிடைக்காது என்றாலும் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்குண்டு. வழக்குத் தொடுக்கும்போதே அதையும் மாற்றுக் கோரிக்கையாகச் சேர்த்துக் கேட்கச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு வழி செய்கிறது. கேட்காமல் விட்டால் நீதிமன்றம் தானாகத் தராது.

இருவருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவரே. மறைத்து விற்றவர், நாற்பது லட்சம் கையில் வந்த பிறகும் மூன்று லட்சத்தைத் திருப்பித் தராதவர், பெருநாளில் முதல் ஸஃப்பில் நின்றாலும் அவர்தம் பொறுப்பு நீங்கிவிடாது. உண்மையைச் சொல்லிக் குறையை வெளிப்படுத்தி விற்பவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வாதத் திறமையால் தமக்குச் சாதகமாகத் தீர்ப்புப் பெற்றாலும், சகோதரரின் உரிமையாக இருந்தால் அது நெருப்பின் துண்டு என்றும் எச்சரித்திருக்கிறார்கள். ஜமாஅத்தின் கேள்வி முதலில் இவரை நோக்கியே செல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

இறுதியாக ஜமாஅத் உறுப்பினர்களுக்குச் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

1. முன்பணம் கொடுப்பவர் ஒப்பந்தத்தைத் தவறாமல் பதிவு செய்யுங்கள். தவணையைத் தெளிவாக எழுதுங்கள். தவணைக்குள் பணத்தை ஆயத்தம் செய்து, விற்பவர் இழுத்தடித்தால் உடனே எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புங்கள்.

2. வாங்குபவர் தாய்ப் பத்திரம் முதல் இன்று வரையுள்ள தொடர் பத்திரங்களையும், வில்லங்கச் சான்றையும், பட்டாவையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. நீதிமன்றங்களின் இணையதளத்தில் நிலுவை வழக்குகளையும் தேட முடிகிறது. பணத்தை முழுவதும் கொடுக்கும் நாளில் இன்னொரு முறை பாருங்கள்.

3. சொத்தை நேரில் போய்ப் பாருங்கள். குடியிருப்பவரிடம், நீங்கள் எந்த உரிமையில் இருக்கிறீர்கள், வாங்கப் பேசியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். பதிலைக் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் விசாரியுங்கள். பெருந்தொகையாக இருந்தால் நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுங்கள். இவையெல்லாம் பின்னொரு நாளில் உங்கள் நன்னம்பிக்கைக்குச் சாட்சி சொல்லும்.

4. வாரிசுச் சொத்து என்றால் எல்லா வாரிசுகளும், குறிப்பாகப் பெண் மக்களும், தாயாரும் கையொப்பமிடாமல் வாங்காதீர்கள்.

5. ஜமாஅத்தின் சமரசம் நல்லது. ஆனால் அது நடக்கும் காலத்தில் சட்டத்தின் கால வரம்பு நமக்காகக் காத்திருக்காது. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குக்கு மூன்று ஆண்டு மட்டுமே. தவணைத் தேதி குறித்திருந்தால் அத்தேதியிலிருந்தும், குறிக்கவில்லையென்றால் விற்பவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்தும் அது எண்ணப்படும். ஆகவே பிணக்குடன் வருபவரின் ஆவணத் தேதியை நிர்வாகிகள் முதலில் பார்த்து, வழக்கறிஞரைக் காணும்படி அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு ஆறு அமர்வுகள் பேசி, ஏழாவது அமர்வில் அவர் உரிமையே காலாவதியாகிவிட்டது என்ற நிலை வந்துவிடக் கூடாது.

6. விற்பவர் ஏற்கெனவே வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பழைய ஒப்பந்தத்தை முறைப்படி இரத்து செய்துவிட்டே அடுத்தவரிடம் பேச வேண்டும். விலை ஏறிவிட்டதே என்ற ஏக்கம் வாக்குறுதியை முறிக்கக் காரணமாகாது.

சகோதரர்களே! ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகளும் மாட்டப்படும் என்ற எச்சரிக்கையைப் பலமுறை மிம்பரில் கேட்டிருக்கிறீர்கள். அந்த எச்சரிக்கை வேலியை நகர்த்துபவருக்கு மட்டுமன்று. ஒரே வீட்டை இரண்டு பேருக்குப் பேசுபவருக்கும், சகோதரியின் பங்கைச் சேர்த்து விற்பவருக்கும், தெரிந்தும் தெரியாதவர்போல் வாங்குபவருக்கும் அது பொருந்தும். கேட்டு வாங்குங்கள், சொல்லி விற்றுக்கொள்ளுங்கள், எழுதிப் பதிவு செய்யுங்கள். இம்மூன்றும் நம் பகுதியில் நிலைபெற்றால், பள்ளிவாசல் வளாகத்தில் சொத்துப் பஞ்சாயத்துக்கென்று போடப்படும் நாற்காலிகள் குறையும்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! ஹலாலான வீட்டில் நம்மையும் நம் சந்ததிகளையும் நிம்மதியாக வாழச் செய்வானாக! ஏமாற்றப்பட்டவர்களுக்கு அவர்களின் ஹக்கை மீட்டுத் தருவானாக! ஆமீன்.